பழைய ஹைலக்ஸில் எல்.எஸ்.டி.: பொருத்தும் முறையும் இறுக்கத்தின் அளவும்

பர்மாவின் தட்டோனுக்கு அருகே ரப்பர்த் தோட்டம் வைத்திருக்கும் தம்பி ஒருவர், 1990களின் தொடக்கத்தில் வந்த தம்முடைய ஃபோர் வீல் ஹைலக்ஸ் பிக்கப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறார். மழைக்காலத்தில் ரப்பர் ஷீட் ஏற்றிக்கொண்டு தோட்டத்துச் செம்மண் ஏற்றத்தில் வரும்போது, பின்பக்கத்தில் ஒற்றைச் சக்கரம் மட்டும் சுழன்று வண்டி நின்றுவிடுகிறதாம். அதற்காக ரங்கூனில் பழைய ஜப்பான் சாமான் விற்கும் கடையொன்றில் தட்டு வகை லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் (எல்.எஸ்.டி., ஒற்றைச் சக்கரம் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் வகை) கேஸ், அதாவது உள்பல்சக்கரங்களைத் தாங்கும் கூடு ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார். அது தம் வண்டிக்குப் பொருந்துமா, எப்படிப் பொருத்திச் சரிசெய்வது, இறுக்கத்தை எவ்வளவு வைப்பது என்பவை அவருடைய கேள்விகள். பக்கத்துப் பட்டறைக்காரர், "தட்டைக் கூடுதலாகப் போட்டு நன்றாக இறுக்கிவிடலாம்; இல்லையென்றால் உள்ளே இருக்கும் சின்னப் பல்லை வெல்டு வைத்துவிடலாம்" என்று யோசனை சொன்னாராம்.

தம்பி, கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இறுக்கத்தைப் பற்றிய எண்ணம் தவறாக இருந்தால், மற்ற வேலையை எவ்வளவு சுத்தமாகச் செய்தாலும் பயன் இருக்காது.

டிஃபரன்ஷியல் என்பது, திருப்பத்தில் இரண்டு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் ஓடவிட்டு விசையைப் பங்கிடும் பல்சக்கரத் தொகுதி. அதில் சாதாரண வகை இரண்டு ஆக்ஸிலுக்கும் எப்போதும் சமமான முறுக்குவிசையையே கொடுக்கும். வழுக்கும் சக்கரம் சேற்றில் 100 நியூட்டன் மீட்டர் மட்டுமே தாங்குகிறது என்றால், நல்ல தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் அதே 100தான் போகும். என்ஜின் எவ்வளவு உறுமினாலும் அது அதிகமாகாது. ஃபோர் வீல் போட்டாலும் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் கோணல்மாணலாகச் சுழன்று வண்டி நிற்பதற்கு இதுவே காரணம். எல்.எஸ்.டி.யில் சைடு கியருக்கும் (ஆக்ஸில் ஷாஃப்டைச் சுழற்றும் பல்சக்கரம்) கேஸுக்கும் நடுவே உராய்வுத் தட்டுகள் உண்டு. உள்பற்கள் உள்ள தட்டு சைடு கியரோடு சுற்றும். வெளிக்காதுகள் உள்ள இரும்புத் தட்டு கேஸோடு சுற்றும். இரண்டும் ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். ஒரு சக்கரம் மற்றதைவிட வேகமாக ஓடப் பார்த்தால் இந்தத் தட்டுகளின் உராய்வு அதைப் பிடித்து இழுத்து, மெதுவாக இருக்கும் சக்கரத்தின் பக்கம் விசையைத் தள்ளும்.

அந்த உராய்வு இரண்டு வழிகளில் பிறக்கிறது. ஒன்று, ஸ்பிரிங் அல்லது கிண்ண வாஷர் தட்டுகளின் மேல் எப்போதும் கொடுத்துக்கொண்டிருக்கும் அழுத்தம். பட்டறையில் பிரீலோடு என்று சொல்வது இதைத்தான். மற்றொன்று, என்ஜினின் விசை ஏற ஏறத் தட்டுகளை மேலும் நெருக்கும் அமைப்பு. உங்கள் கேஸைத் திறந்து பார்த்தால், நடுவில் உள்ள சிலுவைத் தண்டு இரண்டு அழுத்த வளையங்களுக்கு இடையே ஆங்கில வி எழுத்தைப் போன்ற சரிவுப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள். அப்படி இருந்தால் விசை ஏறும்போது தண்டு அந்தச் சரிவில் ஏறி வளையங்களை வெளிப்பக்கம் தள்ளும். பிடிப்பு விசைக்குத் தக்கபடி கூடும். பள்ளம் இல்லாமல் சைடு கியர்களுக்கு நடுவே ஸ்பிரிங் மட்டும் இருந்தால், பிடிப்பின் பெரும்பகுதி ஸ்பிரிங்கைப் பொறுத்தது. சாய்பல் கியர்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளும் விசையால் கொஞ்சம் கூடுதல் கிடைக்கும், அவ்வளவுதான். பள்ளத்தின் இரு பக்கமும் ஒரே சரிவாக இருந்தால் ஆக்ஸிலரேட்டரை விட்டு இறங்கும்போதும் அது பிடிக்கும். நனைந்த இறக்கத்தில் சுமையோடு வரும் வண்டிக்கு, முன்னோக்கி இழுக்கும்போது மட்டும் பலமாகப் பிடிக்கும் வகையையே நான் தேர்ந்தெடுப்பேன்.

இனி, "நன்றாக இறுக்கிவிடலாம்" என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டியும் சுமையும் சேர்ந்து 2,500 கிலோ என்றும், ஏற்றம் பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஏற மட்டும் ஏறத்தாழ 250 கிலோ இழுவிசை வேண்டும். டயரின் ஆரம் 35 செ.மீ. என்றால், அது சக்கரத்தில் 860 நியூட்டன் மீட்டர் அளவுக்கு வரும். சேற்றின் இழுப்பு அதற்கு மேல். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்குகிறது என்றால், பிரீலோடு மட்டுமே இந்த விசை முழுவதையும் மற்றச் சக்கரத்துக்குக் கொடுக்க வேண்டும். அந்த அளவுக்கு இறுக்கினால் காய்ந்த சாலையில் ஒவ்வொரு திருப்பத்திலும் தட்டுகள் அரைபடும், டயர் தேயும், ஆக்ஸில் முறுக்கேறும், ஸ்டியரிங் வெட்டிய பக்கம் வண்டி திரும்ப மறுக்கும். சில மாதங்களில் தட்டுகள் தேய்ந்து இறுக்கமும் போய்விடும். வெல்டு வைப்பது இதே தொல்லையை நிரந்தரமாக்குவது. ஒரு வளைவில் ஆக்ஸில் ஷாஃப்ட் முறிந்தால், டிரம்மோடு சேர்ந்து சக்கரம் வெளியே வரக்கூடிய அமைப்பு உங்கள் பின் ஆக்ஸிலுடையது. எனவே பொதுச் சாலையில் ஓடும் வண்டிக்கு வெல்டு வைக்கும் பேச்சே வேண்டாம்.

பிரீலோடின் வேலை, தட்டுகளைத் தொடுநிலையில் வைத்திருந்து பிடிப்பைத் தொடங்கி வைப்பது. மீதி வேலையைச் சரிவுப் பள்ளம் செய்ய வேண்டும். ஒரு சக்கரம் தொங்கும் இடத்தில் ஹேண்ட்பிரேக்கும் உதவிக்கு வரும். ஆனால் அது எந்த வண்டிக்கு உதவும் என்பதில் பலருக்கும் குழப்பம் இருக்கிறது. ஹேண்ட்பிரேக் இரண்டு பின்சக்கரங்களையும் சமமாகப் பிடிப்பதாகவும், பக்கத்துக்கு 200 நியூட்டன் மீட்டர் என்றும் கொள்ளுங்கள். சாதாரண டிஃபரன்ஷியலில் தொங்கும் சக்கரத்தின் ஆக்ஸிலுக்கு 200 போனால் மற்ற ஆக்ஸிலுக்கும் 200 போகும்; அந்த 200-ஐ அந்தப் பக்கத்து பிரேக்கே தின்றுவிடும், தரைக்கு ஒன்றும் வராது. விசைக்குத் தக்கபடி பிடித்து, நல்ல சக்கரத்துக்கு இரண்டரை மடங்கு கொடுக்கும் எல்.எஸ்.டி.யில், அதே 200-க்கு எதிராக 500 போகும். பிரேக் 200 எடுத்துக்கொண்டாலும் 300 தரைக்கு வரும். அதனால் சரிவுப் பள்ளம் உள்ள கேஸ் உங்களிடம் இருந்தால், சிக்கிய இடத்தில் ஹேண்ட்பிரேக்கை இரண்டு மூன்று பல் இழுத்து மெதுவாக விசை கொடுத்துப் பாருங்கள். தட்டே இல்லாமல் சுருள்பல் கியர்களால் வேலை செய்யும் டோர்சன் வகைக்கும் இந்த உபாயம் பொருந்தும். பிரீலோடு இல்லாத அந்த வகையில் ஒரு சக்கரம் முழுதும் தொங்கினால் மற்றதற்கும் ஏறத்தாழ ஒன்றும் போகாது என்பதால், அங்கே இது இன்னும் அவசியம்.

அடுத்தது பொருந்துமா என்பது. உங்கள் வண்டியின் பின் ஆக்ஸில் டொயோட்டாவின் 8 அங்குல வகையாக இருக்க வேண்டும். அதாவது கிரவுன் வீலின் விட்டம் 8 அங்குலம். பினியன் என்ற சிறு பல்சக்கரம் சுழற்றும் பெரிய பல்சக்கரமே கிரவுன். கிரவுன், பினியன், கேஸ் எல்லாம் ஒரே வார்ப்பில் அடங்கி, முன்பக்கமாகப் பத்து நட்டுகளைக் கழற்றினால் மொத்தமாக வெளியே வரும். இந்த 8 அங்குலத்துக்குள்ளேயே இரண்டு வகை உண்டு. நான்கு சிலிண்டர் வண்டிகளுக்கு வந்த சாதாரண வகையில் கேஸின் பக்க பேரிங்குகள் சிறியவை. ஆறு சிலிண்டர், டர்போ வண்டிகளுக்கு வந்த வகையில் அவை பெரியவை. ஒன்றின் கேஸை மற்றதன் வார்ப்பில் அப்படியே உட்கார வைக்க முடியாது. கடைக்காரர் "எல்லா ஹைலக்ஸுக்கும் போகும்" என்று சொல்லியிருந்தால் அதை நம்பிவிடாமல், உங்கள் பழைய கேஸின் பேரிங் உட்காரும் இடத்தையும் புதியதின் இடத்தையும் வெர்னியரால் அளந்து ஒப்பிடுங்கள். ஆக்ஸில் ஷாஃப்டின் ஸ்பிளைன் (நுனியில் நீளவாக்கில் வெட்டிய பற்கள்) எண்ணிக்கை, கிரவுன் வீல் போல்ட்டுத் துளைகளின் எண்ணிக்கை, விட்டம், கிரவுன் உட்காரும் தோளின் விட்டம் ஆகியவையும் ஒத்துவர வேண்டும். ஷாஃப்டை எடுத்து சைடு கியருக்குள் கையால் செருகிப் பாருங்கள். ஆட்டமில்லாமல் முழு ஆழத்துக்கும் போக வேண்டும்.

நீங்கள் கேஸை மட்டும் வாங்கியது ஒரு வகையில் நல்லதே. முழு டிஃபரன்ஷியலையும் மாற்றுவது வேலையைக் குறைக்கும். ஆனால் ஃபோர் வீல் வண்டியில் முன் ஆக்ஸிலின் விகிதமும் பின் ஆக்ஸிலின் விகிதமும் ஒன்றாகவே இருக்க வேண்டும். கிரவுனில் 41 பல், பினியனில் 10 பல் என்றால் 4.1, 43-க்கு 10 என்றால் 4.3. முன்னால் 4.1-ம் பின்னால் 4.3-ம் இருக்க, ஃபோர் வீல் போட்டுக் கெட்டியான சாலையில் ஓட்டினால் முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் தாங்காது. வாங்கும்போது விகிதம் பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஆக்ஸிலில் மாட்டியிருக்கும் சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதை இரண்டு சுற்றுச் சுற்றினால் பினியனைச் சுழற்றும் பிரொபெல்லர் ஷாஃப்ட் சுற்றும் எண்ணிக்கையே விகிதம். எல்.எஸ்.டி.யில் இரண்டு சக்கரமும் சேர்ந்தே சுற்றும் என்பதால் ஒரே சுற்றுக்கு எண்ண வேண்டும். இதை மறந்துவிட்டு இரட்டிப்பான விகிதத்தைச் சொல்லிக் கடையில் சண்டை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முன் ஆக்ஸிலுக்கும் எல்.எஸ்.டி. போடலாமா என்று அடுத்தாற்போல் கேட்பீர்கள். ஸ்டியரிங் கனமாகிவிடும், முன்பக்கத்தை விட்டுவிடுங்கள்.

கழற்றும் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதை உங்கள் பட்டறைக்காரர் அறிவார். முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்பக்கம் முழுவதையும் ஸ்டாண்டில் நிறுத்தி, எண்ணெயை வடித்துவிடுங்கள். பிரொபெல்லர் ஷாஃப்டின் பிளேஞ்சில் இரு பக்கமும் குறி போட்டுக் கழற்றுங்கள். டிரம்மை எடுத்து, பிரேக் குழாயையும் ஹேண்ட்பிரேக் கேபிளையும் விடுவித்து, பேக்கிங் பிளேட்டின் பின்னாலுள்ள நான்கு நட்டுகளைக் கழற்றினால் ஷாஃப்ட், பேரிங், பிரேக் ஷூ எல்லாம் ஒன்றாக வெளியே வரும். பிறகு பத்து நட்டுகள். வார்ப்பு கனமானது, தனியாளாக அடியில் படுத்துக்கொண்டு மார்பில் வாங்கப் பார்க்காமல், ஜாக்கை வைத்து இறக்குங்கள். வெளியே வந்த எண்ணெய் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது என்று பொருள். ஆண்டுக்கு 4,000 மி.மீ.க்கு மேல் மழை கொட்டும் நம் மோன் மாநிலத்தில் இது அபூர்வமன்று. ஆக்ஸிலின் மேலுள்ள மூச்சுக்குழாய் மண்ணால் அடைபட்டால், சூடான ஆக்ஸில் ஓடைத் தண்ணீரில் இறங்கிக் குளிரும்போது ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். புதிய தட்டுகளைப் போடும் முன் அந்த மூச்சுக்குழாயைச் சுத்தம் செய்து, ஒரு ரப்பர்க் குழாயை மாட்டி உயரத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

இப்போது நிதானமாகச் செய்ய வேண்டிய பகுதி. முதல் விதி: பினியனைத் தொடாதீர்கள். உங்கள் கிரவுனையும் பினியனையும் அப்படியே வைத்துக்கொண்டு கேஸை மட்டும் மாற்றுவதால், பினியனின் ஆழமும் அதன் பேரிங் இறுக்கமும் தொழிற்சாலை வைத்தபடியே இருக்கும். பினியன் நட்டைத் தளர்த்தினால் உள்ளே இருக்கும் நசுங்கும் ஸ்லீவையும் மாற்றி எல்லாவற்றையும் முதலிலிருந்து அமைக்க வேண்டிவரும்.

கேஸைக் கழற்றும் முன் இரண்டு பேரிங் தொப்பிகளிலும் வார்ப்பிலும் பஞ்ச் கருவியால் புள்ளி குத்துங்கள்: இடப்பக்கம் ஒரு புள்ளி, வலப்பக்கம் இரண்டு. தொப்பிகளும் வார்ப்பும் சேர்த்தே துளையிடப்பட்டவை. இடம் மாறினால் பேரிங் சரியாக உட்காராது. கேஸை எடுத்தவுடன், பினியன் மட்டும் சுற்றத் தேவையான விசையை அளந்து எழுதி வையுங்கள். சிறிய டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் பினியன் பிளேஞ்சின் மேல் உறுதியான நூலைச் சுற்றி, ஸ்பிரிங் தராசால் சீராக இழுத்தால் போதும். பிளேஞ்சின் ஆரம் 5 செ.மீ. ஆக இருந்து தராசு 2 கிலோ காட்டினால் அது 10 கிலோ சென்டிமீட்டர். இந்த எண் பின்னால் தேவைப்படும்.

கிரவுன் வீலைப் பழைய கேஸிலிருந்து கழற்றி, உட்காரும் முகத்தைச் சாணைக்கல்லால் மெல்ல நீவி, பிசிறு ஏதும் இல்லாமல் துடைத்துக்கொள்ளுங்கள். அது கேஸின் தோளில் இறுக்கமாக உட்காருவது; சுத்தியலால் அடித்து ஏற்றினால் கோணலாகிவிடும். டொயோட்டா சொல்லும் வழி எளியது: கிரவுனைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு ஏறத்தாழ 100 டிகிரிக்குச் சூடாக்கி, ஈரத்தைத் துடைத்து, உடனே கேஸின்மேல் துளைக்குத் துளை பார்த்து வைத்துவிட வேண்டும். பெரிய சமையல் அண்டா போதும். எரிவாயு வெல்டிங் தீயைக் காட்டாதீர்கள்; பல்லின் பதம் போய்விடும். ஆறியபின், புதிய பூட்டுத் தகடுகளோடு போல்ட்டுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக இறுக்கி, கடைசியில் 97 நியூட்டன் மீட்டருக்குக் கொண்டுவாருங்கள். கேஸுக்குப் புதிய பக்க பேரிங்குகளை பிரஸ்ஸில் ஏற்றுங்கள். பழைய கேஸிலிருந்து பிடுங்கிய பேரிங்கை மறுபடி போடுவது சிக்கனம் ஆகாது.

இந்தக் கட்டத்தில், அல்லது கிரவுனை மாட்டும் முன்பே, தட்டுகளைப் பாருங்கள். கேஸைப் பிரிக்கும்போது தட்டுகளின் வரிசையை மாற்றாமல் ஒரு கம்பியில் கோத்து வையுங்கள்; இடப்பக்கத்து அடுக்கும் வலப்பக்கத்து அடுக்கும் கலக்கக் கூடாது. மைக்ரோமீட்டரால், உராயாத ஓரத்தின் கனத்தையும் உராய்ந்த இடத்தின் கனத்தையும் அளந்தால் தேய்மானம் தெரிந்துவிடும். தட்டைச் சமமான கண்ணாடியின்மேல் வைத்து ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்தால் வளைவு தெரியும். நீலம் பாய்ந்திருந்தால் அது எண்ணெய் இல்லாமல் எரிந்த தட்டு. கலர் மங்கியிருப்பது குற்றமில்லை. தேய்ந்த பள்ளம், நீலம், வளைவு ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும் அடுக்கை மொத்தமாக மாற்றுங்கள். தேய்ந்த அடுக்கில் ஒரு புதிய இரும்புத் தட்டை மட்டும் திணித்து இறுக்கம் கூட்டுவதைத்தான் உங்கள் பட்டறைக்காரர் சொல்கிறார். அளவு சரியாக வந்தாலும் புதியதும் பழையதும் ஒன்றோடொன்று முழுமையாகத் தொடாமல் கடகடக்கும். மாட்டும் முன் எல்லாத் தட்டுகளையும் எல்.எஸ்.டி. எண்ணெயில் ஓர் இரவு ஊறப் போடுங்கள்.

கேஸை வார்ப்பில் உட்கார வைத்து, பேரிங்குகளின் வெளிவளையங்களைத் தத்தம் பக்கத்தில் வைத்து, இரு பக்கத்துச் சரிசெய்யும் நட்டுகளையும் மரையில் சரியாக அமர்த்துங்கள். தொப்பியைப் போட்டு விரலால் போல்ட்டை முடுக்கும்போதே அது உட்கார மறுத்தால், மரை பிசகியிருக்கிறது. அங்கே ரெஞ்சைப் போடாமல் எடுத்துத் திரும்ப வையுங்கள். பிறகு கிரவுனின் முதுகுப்பக்கத்து நட்டை முடுக்கிக் கிரவுனைப் பினியனை நோக்கிக் கொண்டுவந்து, பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே சிறிய ஆட்டம் மீதமிருக்கும்படி நிறுத்துங்கள். எதிர்ப்பக்க நட்டை, பேரிங்கில் ஆட்டம் ஒழிந்து இறுக்கம் தொடங்கும் இடம் வரை கொண்டுபோய், அந்த இடத்திலிருந்து நட்டின் பல் கணக்கில் ஒன்று முதல் ஒன்றரை வரை மேலும் முடுக்குங்கள். பக்க பேரிங்கின் இறுக்கம் இதுதான்.

அடுத்து டயல் கேஜை வார்ப்பில் பொருத்தி, அதன் முனை கிரவுன் பல்லின் வெளிமுனையைச் செங்குத்தாகத் தொடும்படி வைத்து, பினியன் அசையாமல் பிடித்துக்கொண்டு கிரவுனை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். முள் 0.13 முதல் 0.18 மி.மீ.க்குள் அசைய வேண்டும். ஒரே இடத்தில் பார்த்துவிட்டு விடாமல், கிரவுனைச் சுற்றி நான்கு இடங்களிலாவது பாருங்கள். ஓரிடத்தில் 0.13, எதிரிடத்தில் 0.25 என்று வந்தால் கிரவுன் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. கழற்றிப் பிசிறைத் தேடுங்கள். ஆட்டம் கூடுதலாக இருந்தால் ஒரு பக்க நட்டை எவ்வளவு தளர்த்துகிறீர்களோ, மறுபக்க நட்டைச் சரியாக அதே அளவு முடுக்க வேண்டும். அப்போதுதான் பேரிங்கின் இறுக்கம் மாறாமல் கிரவுன் மட்டும் நகரும். சரியான இடத்துக்கு வந்தபின் தொப்பிப் போல்ட்டுகளை 78 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி, ஆட்டத்தை மறுபடி அளந்து, பினியனை நூல் போட்டு மறுபடி இழுங்கள். முன்பு எழுதி வைத்த எண்ணைவிட 4 முதல் 6 கிலோ சென்டிமீட்டர் கூடியிருந்தால் பக்க பேரிங்கின் இறுக்கம் சரி. கூடவே இல்லையென்றால் பேரிங் தளர்வாக இருக்கிறது. சுமையோடு ஏறும்போது கிரவுன் விலகி ஊளையிடும்.

பல் படிவை, அதாவது பல்லும் பல்லும் தொடும் தடத்தைப் பார்க்காமல் மூடாதீர்கள். நாலைந்து பற்களில் சிவப்பு ஈயச் சாயத்தையோ பிரஷ்யன் நீலத்தையோ மெல்லியதாகப் பூசி, ஒருவர் கிரவுனைத் துணியால் பிடித்துத் தடை கொடுக்க, மற்றவர் பினியனை இரு திசையிலும் சுற்றட்டும். படிவு பல்லின் உயரத்தில் நடுவிலும், நீளத்தில் நடுவுக்கும் உள்முனைக்கும் இடையிலும் விழுந்தால் நல்லது. வெளிமுனையிலோ உள்முனையிலோ ஒதுங்கி விழுந்தால் முதலில் கிரவுனின் இடத்தைச் சந்தேகிக்க வேண்டும்; பல்லின் உச்சியிலோ அடியிலோ விழுந்தால் பினியனின் ஆழத்தைச் சந்தேகிக்க வேண்டும். பினியனைத் தொடாத உங்கள் வேலையில் பின்னது வரக்கூடாது. வந்தால், கேஸ் வேறு வகையைச் சேர்ந்ததா என்று திரும்பப் பாருங்கள். முன்பே ஓடித் தேய்ந்த பற்கள் என்பதால் படிவு புத்தகப் படத்தைப்போல் அழகாக இருக்காது. பழைய தேய்மானத் தடத்தின்மேலேயே விழுகிறதா என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

எல்லாம் மாட்டியபின் இறுக்கத்தை வண்டியிலேயே அளக்கலாம். முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஒரு பின்சக்கரத்தைத் தரையிலும் மற்றதைத் தூக்கியும் நிறுத்தி, கியரை நியூட்ரலிலும் ஹேண்ட்பிரேக்கை விட்டும், என்ஜினை அணைத்தும் வையுங்கள். உங்கள் ஆக்ஸிலின் நடுவில் ரெஞ்ச் மாட்ட நட்டு இல்லை. எனவே சக்கர ஸ்டட்டுகளுக்குத் துளையிட்ட கனத்த இரும்புத் தகடு ஒன்றில், ஒரு மீட்டர் நீளக் குழாயை நடுவிலிருந்து வெளியே நீளும்படி வெல்டு வைத்து மாட்டுங்கள். குழாய் செங்குத்தாக நிற்க, அதன் நுனியில் தராசைக் கொக்கியிட்டுக் கிடைமட்டமாக இழுங்கள். அப்போது குழாயின் சொந்த எடை கணக்கில் வராது. சக்கரம் நகரத் தொடங்கும் கணத்தில் தராசு 7 கிலோ காட்டினால் இறுக்கம் 7 கிலோ மீட்டர், ஏறத்தாழ 69 நியூட்டன் மீட்டர். சந்தைத் தராசு வீசையில் இருந்தால், ஒரு வீசை 1.63 கிலோ என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

இந்த அளவில் ஒரு நுட்பம் இருக்கிறது. நியூட்ரலில் அளக்கும்போது ஒரு பக்கத்துத் தட்டடுக்கின் உராய்வே தெரியும். ஓட்டத்தில் இரு சக்கரங்களுக்கும் நடுவே வரும் விசை வேறுபாடு அதைப்போல் இருமடங்கு. 70 என்று அளந்த எல்.எஸ்.டி., ஒரு சக்கரம் தொங்கினால் மற்றதற்கு 140 கொடுக்கும். இதை அறியாமல், இரு சக்கரத்தையும் தூக்கிக் கியரில் போட்டு அளந்துவிட்டு 140 வருகிறது என்று ஸ்பிரிங்கைக் குறைப்பவர்கள் இருக்கிறார்கள். எந்த எண்ணைச் சொன்னாலும் எப்படி அளந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கேஸுக்குரிய புத்தகம் கிடைத்தால் அதன் அளவையே வையுங்கள். கிடைக்காத நிலையில், சுமையேற்றும் தோட்டத்து வண்டிக்கு நியூட்ரலில் 50 முதல் 80 நியூட்டன் மீட்டர் வரை போதும் என்பது என் கருத்து. கூட்டவோ குறைக்கவோ வேண்டுமானால் சரியான கனமுள்ள தட்டையோ ஷிம்மையோ (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) இரு பக்கமும் சமமாக மாற்றுங்கள்; ஒரு பக்கம் மட்டும் கூட்டினால் சைடு கியர்கள் நடுவிலிருந்து விலகும்.

எண்ணெய் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஜி.எல்.5 தரத்தில், எல்.எஸ்.டி.க்கு என்று டப்பாவில் குறித்திருக்கும் 90-ம் எண் எண்ணெயே வேண்டும். ஊற்றும் துளையின் கீழ்விளிம்பு வரை நிரப்ப வேண்டும். சாதாரண ஹைப்பாய்டு எண்ணெய் ஊற்றினால் மெதுவாகத் திரும்பும்போது பின்பக்கம் கடகடவென்று அதிரும். பலர் அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தட்டு போய்விட்டது என்று கேஸைக் கழற்றுகிறார்கள். முதலில் எண்ணெயை மாற்றிப் பார்ப்பதே முறை. புதிய தட்டுகள் பழக, காலியான மைதானத்தில் எட்டுப் போட்டு இருபுறமும் மெதுவாகத் திரும்பிப் பத்து நிமிடம் ஓட்டி, நிறுத்தி ஆறவிட்டு, மறுபடி ஓட்டுங்கள். முதல் 1,000 கி.மீ.க்குள் அந்த எண்ணெயை வடித்துவிட்டுப் புதியதை ஊற்றுங்கள். அதில் தட்டின் பொடி கலந்திருக்கும். கழற்றிய பிரேக் குழாய்களில் காற்று எடுப்பதையும் மறக்க வேண்டாம்.

டயரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நம் ஊரில் பின்னால் ஒரு பக்கம் புதிய டயர், மறுபக்கம் மொட்டை டயர் என்று ஓட்டுவது வழக்கம். சாதாரண டிஃபரன்ஷியல் அதைப் பொறுத்துக்கொள்ளும். எல்.எஸ்.டி.யில், இரு சக்கரத்தின் சுற்றளவும் வேறாக இருந்தால் நேர்ச்சாலையிலும் தட்டுகள் ஓயாமல் உராய்ந்துகொண்டே இருக்கும். மோல்மீனிலிருந்து ரங்கூன் போய்வருவதற்குள் எண்ணெய் கருகிவிடும். பின்னிரண்டும் ஒரே அளவு, ஒரே தேய்மானம், ஒரே காற்றழுத்தம் என்பதைக் கட்டாயமாக்கிக்கொள்ளுங்கள். சுமையைத் தளத்தில் ஒரு பக்கமாக ஏற்றினாலும் அந்தப் பக்கத்து டயர் நசுங்கி இதே விளைவு வரும்.

ஓட்டுவதிலும் மாற்றம் தெரியும். பக்கவாட்டில் சாய்ந்த சேற்றுப் பாதையில், முன்பு ஒரு சக்கரம் சுழலும்போது மற்றது வண்டியின் வாலைப் பிடித்து வைத்திருக்கும். இப்போது இரண்டும் சேர்ந்து சுழன்றால் பின்பக்கம் முழுவதும் சரிவின் கீழ்நோக்கி வழுக்கும். அத்தகைய இடத்தில் ஆக்ஸிலரேட்டரைக் குறைவாக, ஒரே சீராகக் கொடுங்கள். பட்டறையில் உங்கள் ஆட்களுக்கும் ஒன்றைச் சொல்லி வையுங்கள்: இந்த வண்டியில் ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கில் தூக்கி என்ஜினை ஓடவிட்டுக் கியர் போடக் கூடாது. தரையில் இருக்கும் சக்கரத்துக்கும் விசை போய், வண்டி ஜாக்கை விட்டுப் பாய்ந்துவிடும். பிரேக் பார்ப்பதானாலும் சத்தம் கேட்பதானாலும் பின்னிரண்டையும் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தியபின்பே செய்யட்டும்.